200க்கு இன்னும் 3 கிழமை

சைக்கிளில் ஒரே நாளில் 200 கிலோமீற்றர் ஓடப் போகிறேன் என்றதும் அம்மா கேட்டது, "விசரே மோனை உனக்கு, பஸ் ஓடுதுதானே?"

சுன்னாகத்தில் இருந்து மாங்குளம் போய்த் திரும்பினால் கணக்கு கிட்டத்தட்டச் சரி. நாலு பேர்தான், பதக்கம் கிதக்கம் ஒன்றும் இல்லை, ஆனால் நேரத்துக்கு பிரெவே (நேர எல்லைக்குள் முடிக்கவேண்டிய நெடுந்தூரச் சைக்கிள் ஓட்டம்) கணக்கையே வைத்திருக்கிறோம்: 200க்குப் பதின்மூன்றரை மணித்தியாலம், தேத்தண்ணி குடிக்கிறதும் பஞ்சர் ஒட்டுகிறதும் அதற்குள்ளேதான். மணிக்கு 15தானே என்று சிரிப்பீர்கள். ஆனையிறவில் சோளகக் காற்று எதிரே அடிக்கும்போது 12ஐத் தொடுவதே பெரும்பாடு, இரண்டு பக்கமும் வெட்டவெளி, ஒதுங்க ஒரு மரம் கிடையாது.

போன ஞாயிறு பரந்தன் வரை போய் வந்தேன். கால் பரவாயில்லை, சீற்தான் கொன்றுவிட்டது. மெத்தென்று இருக்கிறதே என்று ஆசைப்பட்டு வாங்கின புதுச் சீற், 40 கிலோமீற்றர் தாண்டியதும் பஞ்சு அமுங்கி, பிறகு வீடு வரும்வரை பாதி நேரம் எழும்பி நின்றுதான் மிதித்தேன். இப்போது பழைய தோல் சீற்றையே திரும்பப் பூட்டியாயிற்று.

ஒரு போத்தலில் ஜீவனி (உப்பும் சீனியும் சேர்ந்த கரைசல்), மற்றதில் வெறும் தண்ணீர். சட்டைப் பைக்குள் பினாட்டு. சொக்லேற் கொண்டுபோய் வெயிலில் குழம்பாக்கினது போதும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 700க்கு 28 அளவுச் சைக்கிள் ரியூப் யாரிடமாவது மேலதிகமாக இருந்தால் சொல்லுங்கோ. மூன்று கடை ஏறி இறங்கிவிட்டேன், எல்லா இடமும் 26 அங்குலம்தான் இருக்காம்.