பிள்ளைகள் பண்ணைக்கு வரும் நாட்கள்

ஜனவரி 19

பண்ணையைப் பார்க்க 84 பிள்ளைகள், இரண்டு பஸ், ஒரே நாள் என்று பாடசாலையிலிருந்து கடிதம். முடியாது. ஒரு நாளைக்கு 42தான். "ரெண்டு தரம் வலயக் கல்விக் கந்தோரில அனுமதி எடுக்கிறதெண்டால் பெரிய அலைச்சல் சேர்" என்கிறார் டீச்சர். விளங்குகிறது. ஆனால் பால் அறை யன்னலுக்கு முன்னால் 14 பேருக்கு மேல் நின்றால் பின்வரிசைக்குத் தெரிவது முன்வரிசையின் தலை மட்டும். 14 பேராக மூன்று குழு. கம்பூட்ஸும் 14 சோடிதான் இருக்கிறது.

ஜனவரி 20

மழை. வரம்பெல்லாம் வழுக்குகிறது.

ஜனவரி 22

எதை முதலில் காட்டுவது, எதைக் கடைசியில் காட்டுவது? இரண்டு நாளாக இதே யோசனை.

பாடத்தின்படி புல், மாடு, பால், யோகட். பிள்ளைக்குப் பிடிபடும் ஒழுங்கும் அதுதான். சுகாதாரத்தின்படி நேர்மாறு: சுத்தமான இடம் முதலில், சாணி உள்ள இடம் கடைசியில். கன்றைத் தடவிய கையும் சாணி மிதித்த சப்பாத்தும் பால் அறைப் பக்கமே போகக் கூடாது. ஈ.கோலை ஓ157 என்ற கிருமி மாட்டின் குடலில் இருக்கும், மாட்டுக்கு ஒன்றும் செய்யாது. ஐந்து வயதுப் பிள்ளையின் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். 2009இல் இங்கிலாந்தின் சரே பகுதியில் ஒரு பண்ணையைப் பார்க்கப் போனவர்களில் 93 பேருக்குத் தொற்றியது, பெரும்பாலும் சின்னப் பிள்ளைகள். அது தண்ணீர், சவர்க்காரம் எல்லாம் உள்ள நாடு. இங்கே இரண்டு பைப்.

மூன்று குழுவையும் மூன்று இடத்தில் சுற்றவிடும் திட்டமும் இதில்தான் உடைகிறது. ஒரு குழு எப்படியும் கொட்டிலில் தொடங்கித்தான் ஆகவேண்டும். அதே குழு அடுத்து பால் அறைக்கு வரும்.

இரவு வந்த முடிவு: மாட்டை இரண்டு தரம் காட்டுவது. வந்தவுடன் 42 பேரும் வேலிக்கு ஒரு மீற்றர் இப்பால் கட்டிய கயிற்றில் நின்று பார்ப்பார்கள். தொடுதல் இல்லை. புல் வெட்டுவது, மாடு தின்பது, அசைபோடுவது, கறப்பது. பிறகு வயல், நெல் மில்லடி மேசை, பால் அறை மூன்றையும் சுற்றுவார்கள். எல்லாம் முடிந்தபின் கன்றுக் கொட்டில். அங்கிருந்து நேரே கை கழுவும் இடம், அதன் பிறகே சாப்பாடு. பாடத்தின் ஒழுங்கும் கெடாது, பால் அறையும் கெடாது.

ஜனவரி 23

பைப் நான்கு வேண்டும். இரண்டு போதாது.

ஜனவரி 26

நெல் மில்லை ஓடும்போது காட்டுவதா, நிற்கும்போதா? நிற்கிற மில்லில் பார்க்க இரும்பு மட்டும்தான். ஓடுகிற மில்லில் பெல்ட். பிள்ளைகளின் கழுத்தில் ரை, பெண்பிள்ளைகளுக்கு இரட்டைப் பின்னல், காத்தான்குடி முஸ்லிம் பிள்ளைகளுக்குத் தோளில் தொங்கும் பர்தா. மூன்றும் பெல்ட்டுக்கு ஒன்றுதான். ரை பஸ்ஸிலேயே கழற்ற வேண்டும், பின்னலை மடித்துக் கட்ட வேண்டும், பர்தாவின் முனையை ஊசி குத்திச் செருக வேண்டும். இதைக் கடிதத்தில் முதலே எழுதினால் டீச்சர்மார் ஊசியோடு வருவார்கள்.

உள்ளே ஒன்றும் கேட்காது. அதனால் விளக்கம் முழுவதும் வெளியில், உள்ளே போக முன்னம். இரண்டு ரப்பர் உருளை எதிரெதிராக, வெவ்வேறு வேகத்தில் சுற்றுகின்றன. வேகம் ஒன்றாக இருந்தால் நெல் நசுங்குமே தவிர உமி உரியாது. வேகவித்தியாசம்தான் உமியை இழுத்துக் கழற்றுகிறது. உள்ளங்கை இரண்டையும் நெல்லோடு தேய்க்கச் சொன்னால் ஒரு நிமிடத்தில் விளங்கும். பிறகு கயிற்றுக்குப் பின்னால் நின்று மூன்று நிமிடம் பார்வை. தூசு, ஆகவே இழுப்பு உள்ள பிள்ளை வெளியில், இன்ஹேலர் டீச்சரின் கைப்பையில் அல்ல, பிள்ளையின் சட்டைப் பையில்.

வெளி மேசையில் ஆறு சட்டி: நெல், உமி, தீட்டாத அரிசி, தவிடு, குறுணல், தீட்டிய அரிசி. ஒரு கிலோ நெல்லில் உமி மட்டும் ஏறத்தாழ 200 கிராம். அதைப் பிள்ளைகளே நிறுக்க வேண்டும். சொன்னால் மறந்துபோகும்.

ஜனவரி 29

யோகட்டில் ஜெலற்றின். எந்த விலங்கினுடையது என்று பைக்கற்றில் பார்த்து, ஹலால் சான்று உள்ளதா என்று கடிதத்தில் எழுதவேண்டும். முஸ்லிம் பிள்ளைகளுக்கு மட்டுமல்ல, வீட்டில் மச்சம் சேர்க்காத பிள்ளைகளுக்கும் இது கேள்விதான். கடைசி நேரத்தில் 12 வயதுப் பிள்ளையைக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு முடிவெடுக்க விடுவது அநியாயம். சட்டித் தயிரும் வைப்பது நல்லது: எருமைப் பாலும் உறைமோரும் மட்டும், ஜெலற்றின் இல்லை. மண்சட்டி தண்ணீரை உறிஞ்சுவதால்தான் இறுகுகிறது என்பதையும் அதில் காட்டலாம்.

பெப்ரவரி 1

நான்கு பைப் பூட்டியாயிற்று. இரண்டு தரையிலிருந்து 60 சென்ரிமீற்றரில், தரம் 3 பிள்ளைக்கு எட்டும். நேரம் பிடித்துப் பார்த்ததில் நனைத்து, 20 செக்கன் சவர்க்காரம் தேய்த்து, கழுவி விலக 40 செக்கன். 42 பேருக்கு நான்கு பைப்பில் ஏழரை நிமிடம். இரண்டு பைப்பானால் 14 நிமிடம். சாப்பாட்டுப் பார்சலைக் கண்ட பசிப் பிள்ளை 14 நிமிடம் வரிசையில் நிற்காது. சனிற்றைசர் வைத்தால் போதாதா என்று கேட்கிறார்கள். போதாது. மண்ணும் சாணியும் பட்ட கையில் அது வேலை செய்யாது.

கரண்ட் போனால் மோட்டர் இல்லை. முதல் நாள் பின்னேரமே தாங்கி நிரம்பியிருக்க வேண்டும்.

பெப்ரவரி 2

மலசலகூடம் ஒன்று. பெண்பிள்ளைகள் 24. ஆளுக்கு இரண்டு நிமிடம். 48.

பெப்ரவரி 3

களத்தில் அவித்த நெல் காயவில்லை. மேகம். ஈரம் 14 சதவீதத்துக்கு இறங்காமல் மில்லில் போட்டால் அரிசி நொறுங்கும், தவிடு பிசைந்து சல்லடையை அடைக்கும். மில் முதலாளி போடமாட்டார், அவர் செய்வது சரி. நாளை சுதந்திர தினம், மில் பூட்டு. நாளைக்கு வெயில் எறித்தால்தான் மறுநாள் ஓடும்.

மலசலகூடத்துக்கு வழி: மண்முனைப் பாலம் தாண்டியதும் ஒரு பாடசாலையில் பஸ் பத்து நிமிடம் நிற்கும். அதிபர் ஒத்துக்கொண்டார்.

பெப்ரவரி 4

வெயில்!

பெப்ரவரி 5

வந்து போய்விட்டார்கள். மில் ஓடியது, 20 நிமிடம். உமியை நிறுத்துப் பார்த்த பிள்ளை 210 கிராம் என்று கத்தியது. அந்த ஒரு சத்தத்துக்காகவே இதையெல்லாம் செய்யலாம்.

பிழையாய்ப் போனவை. பஸ் 50 நிமிடம் பிந்தியது, வயலை வெட்டிவிட்டோம். வெட்டியது சரி, கை கழுவலை வெட்டும் எண்ணம் யாருக்கும் வரக் கூடாது.

பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்கும் லக்டோமீற்றர் ஏமாற்றியது. கறந்த சூட்டோடு நுரையோடு விட்டதால் நல்ல பாலே 26 காட்டியது, தண்ணீர் கலந்த பால் மாதிரி. அரைமணி ஆறவிட்டு மெல்லக் கலக்கி ஊற்றியிருந்தால் 28க்கும் 32க்கும் இடையில் நின்றிருக்கும். பத்தில் ஒரு பங்கு தண்ணீர் விட்ட மற்றச் சாடியில் மூன்று புள்ளி இறங்குவதைப் பிள்ளைகள் கண்டிருப்பார்கள். இன்று கண்டது குழப்பம்.

யோகட் தட்டு வைத்த மேசையில் இரண்டாம் குழு சாய்ந்தது. 42 பாகையில் உறைந்துகொண்டிருந்த கோப்பைகள் ஆடி, மேலே தண்ணீர் பிரிந்தது. உறையும் நாலு மணித்தியாலமும் அசைக்கக் கூடாது என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே.

கொட்டிலில் "பின்னால போகாத மனே, உதைக்கும்" என்று மாடு பார்க்கும் அண்ணன் நூறு தரம் சொல்லியிருப்பார். நாளைக்கு ஒரு கயிறு.

எல்லாரும் ஒன்றாகக் கொட்டிலை விட்டு வந்தார்கள், எல்லாரும் ஒன்றாகப் பைப்புக்கு ஓடினார்கள். ஆறு பேர் கழுவாமல் பார்சலைப் பிரித்தார்கள். எண்ணிப் பார்த்தேன், ஆறு.

பெப்ரவரி 6

ஆறு பேர்.

கொட்டிலுக்கும் குழுவாகத்தான் விடவேண்டும். 14 பேர் உள்ளே, மற்ற 28 பேரும் மருத மரத்தடியில் கேள்வித்தாளோடு. 14 பேர் வெளியே வந்து கழுவ மூன்று நிமிடம்கூடப் பிடிக்காது. பார்சல்கள் பஸ்ஸில் பூட்டியிருக்கும், சாவி டீச்சரிடம், கடைசிக் கை கழுவும் வரை. ஏழரை நிமிடக் கணக்கு பிழையில்லை. ஒரே நேரத்தில் விட்டதுதான் பிழை.

கேள்வித்தாளும் மாறவேண்டும். "பாலின் பயன்கள் எவை" என்பதற்குப் பஸ்ஸிலேயே விடை எழுதிவிட்டார்கள். "மாடு ஒரு நிமிடத்தில் எத்தனை தரம் அசைபோட்டது", "ஆறு சட்டியில் எது பாரம் குறைந்தது" என்று இருந்தால் பார்த்தே ஆகவேண்டும்.

பெப்ரவரி 9

அடுத்த 42 பேர் 13ஆம் திகதி. நோன்பு தொடங்க முன் வேறு நாள் கிடைக்காது.

பெப்ரவரி 10

சின்னக் கன்றுக்குக் கழிச்சல். காலையில் மஞ்சளாக, பின்னேரம் தண்ணீராக. பிரித்துக் கட்டியாயிற்று, வாளி வேறு, வைக்கோல் வேறு, கம்பூட்ஸ் வேறு. கழிச்சல் கன்றிலிருந்து கிரிப்டோஸ்போரிடியம் என்ற கிருமி பிள்ளைக்கு வரும். அதைக் குளோரீனும் கொல்லாது, சவர்க்காரமும் ஓடும் தண்ணீரும்தான் கையிலிருந்து அகற்றும். கால்நடை வைத்தியர் சாணத்தில் ஒரு மாதிரி எடுத்துப் போனார்.

மற்றக் கன்றுகள் நன்றாக இருக்கின்றன. அதனால் என்ன, ஒரே கொட்டிலில் நின்றவை.

பெப்ரவரி 11

டீச்சருக்குச் சொன்னேன்: வரலாம், கன்றுக் கொட்டில் இல்லை, கயிற்றுக்கு இப்பால் பார்வை மட்டும். "கண்டைத் தொடுறதெண்டுதான் புள்ளைகள் ஒரு கிழமையா கதைக்குதுகள் சேர்" என்றார். தெரியும்.

பெப்ரவரி 12

மாதிரியின் முடிவு வரவில்லை. தாங்கி நிரம்பிவிட்டது. கன்று விடிய கொஞ்சம் பால் குடித்தது, சாணம் இன்னும் தண்ணீர்தான்.