மின்சாரம் நின்ற பிறகும் எரியும் விளக்கு

2023 டிசம்பர் 17ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை, விடாமல் பெய்த மழையில் தாமிரபரணி கரைபுரண்டபோது, சேரன்மகாதேவிக்கு அருகிலுள்ள எங்கள் ஊரின் ஆற்றங்கரைத் தெருக்காரர்கள் எங்கள் பள்ளியில்தான் தங்கினார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது என்ற செய்தியே எங்களுக்குச் சில நாள்கள் கழித்துத்தான் தெரியவந்தது. மின்சாரம் இல்லை, கைப்பேசிகள் ஒவ்வொன்றாக அணைந்துவிட்டன. சென்னையிலும் வளைகுடா நாடுகளிலும் இருக்கும் பிள்ளைகளுக்கு "நன்றாக இருக்கிறோம்" என்று ஒரு சொல் சொல்ல முடியாமல், பீடி சுற்றிப் பிழைக்கும் தாய்மார்கள் வகுப்பறை இருட்டில் உட்கார்ந்திருந்ததை இயற்பியல் ஆசிரியனாகிய நான் அருகிலிருந்து பார்த்தேன். பள்ளிக்குச் சூரிய மின்சாரம் வேண்டும் என்று அடுத்த மாதக் குழுக் கூட்டத்தில் நான் கேட்டதற்கு அந்த இரவுகளே காரணம்.

கேட்டது எளிதாக இருந்தது. அடுத்த சில மாதங்களை ஒரு தவறான நம்பிக்கையில் இழந்தோம். 2024 பிப்ரவரியில் மத்திய அரசு அறிவித்த சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் என்று கேள்விப்பட்டு, அது பள்ளிக்கும் கிடைக்கும் என்று எண்ணித் தாள்களைத் திரட்டிக்கொண்டிருந்தோம். அந்த மானியம் குடியிருப்புகளுக்கு மட்டுமே உரியது. இதே வழியில் இறங்க நினைக்கும் பள்ளிகள் இதை முதலிலேயே தெரிந்துகொண்டால் எங்களைப் போலக் காலத்தை இழக்க வேண்டியிருக்காது.

பிறகு ஒரு நிறுவனத்தாரை வரவழைத்து விலைப்புள்ளி வாங்கினோம். மொட்டை மாடியில் வெயிலை மின்சாரமாக்கும் தகடுகள், அந்த மின்சாரத்தை விளக்குக்கும் விசிறிக்கும் ஏற்றபடி மாற்றும் ஓர் இன்வெர்ட்டர், நாம் வாங்குவதையும் கொடுப்பதையும் அளக்கும் மின்வாரியத்தின் இருவழி மீட்டர் என்று எல்லாம் ஒழுங்காக எழுதப்பட்டிருந்தது. கையெழுத்திடும் நிலையில், கூட்டத்துக்குத் தேநீர் கொண்டுவந்த சத்துணவுக்கூடச் சமையலர் அக்கா என்னிடம், "ஏன் சார், கரண்டு போனா இதுவும் நின்னுருமா?" என்று கேட்டார். நான் நிறுவனத்தாரைப் பார்த்தேன். அவர் சற்றுத் தயங்கி, "ஆமாம், நின்றுவிடும்" என்றார்.

மின்வாரியக் கம்பியோடு மட்டும் இணைந்து இயங்கும் இன்வெர்ட்டர், கம்பியில் மின்சாரம் நின்றவுடன் தானும் நின்றாக வேண்டும். இல்லையென்றால், பழுது பார்க்கக் கம்பத்தில் ஏறும் ஊழியரை நம் கூரையிலிருந்து போகும் மின்சாரம் தாக்கிவிடும். ஆகவே அது கருவியின் குறை அன்று, உயிர்காக்கும் ஏற்பாடு. இருந்தாலும், வெள்ளத்தை நினைத்துப் பணம் திரட்டிய ஊர் வெள்ளத்தின்போது இருட்டில்தான் இருக்கும் என்பதை நாங்கள் கேட்காமல் அவர் சொல்லவில்லை என்பது எனக்கு இன்றுவரை வருத்தம். இயற்பியல் பாடம் நடத்தும் எனக்கும் அந்தக் கேள்வி தோன்றியிருக்க வேண்டும்.

திட்டத்தை முதலிலிருந்து மாற்றினோம். மின்கலத்தோடும் மின்வாரியக் கம்பியோடும் சேர்ந்து இயங்கும் ஹைபிரிட் இன்வெர்ட்டர் என்று முடிவானது. மின்கலம்தான் மொத்தச் செலவில் பெரும் பங்கைத் தின்றுவிடும் என்பதால், அதன் அளவைக் கணக்கிடுவதற்கு மாணவர்களையே ஈடுபடுத்தினேன். 12 வகுப்பறைகளில் 24 மின்விசிறிகள். பழைய விசிறி ஒன்றுக்கு 75 வாட் வீதம் 1,800 வாட். 30 வாட்டில் ஓடும் பிஎல்டிசி என்ற மின்சிக்கன விசிறிகளாக மாற்றினால் 720 வாட். விசிறிகளை மாற்றும் செலவு, அவற்றுக்காகக் கூடுதல் மின்கலம் வாங்கும் செலவைவிடக் குறைவு என்று பதினொன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தி கரும்பலகையில் நிறுவிக் காட்டினாள். பேரிடர் இரவில் நான்கு அறைகளுக்கு மட்டும் 8 விசிறிகள், 10 எல்இடி விளக்குகள், கைப்பேசி மின்னேற்றம் எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 700 வாட். 12 மணி நேரத்துக்கு 8 யூனிட்டுக்குச் சற்று மேல். அதற்கேற்ப 5 யூனிட் கொள்ளும் லித்தியம் மின்கலங்கள் இரண்டு வாங்கினோம். ஆழ்துளைக் கிணற்று மோட்டாரையும் இதிலேயே சேர்க்க வேண்டும் என்று குழுவில் வலியுறுத்தினார்கள். மோட்டார் தொடங்கும் நொடியில் இழுக்கும் மின்சாரம் ஓடும்போது இழுப்பதைவிடப் பல மடங்கு என்பதால் அதை விட்டுவிட்டு, பழுதாகிக் கிடந்த அடிபம்பைச் சரிசெய்தோம்.

தகடு வைக்கும் இடத்தில் இன்னொரு சிக்கல் எழுந்தது. எங்கள் ஊர்ப் பெரியவர்கள் தட்டட்டி என்று சொல்லும் பழைய கட்டடத்தின் மேல்தளம் மரக்கட்டைகளின்மேல் நிற்பது. அது பாரம் தாங்காது. புதிய கான்கிரீட் கட்டடத்தின் மேற்குப் பாதியில் மதியத்துக்குமேல் வேப்பமர நிழல் விழும். தகடுகள் வரிசையாகக் கோக்கப்படுவதால் ஒரு தகட்டின் மூலையில் விழும் நிழல்கூட வரிசை முழுவதின் உற்பத்தியையும் குறைத்துவிடும். மரத்தை வெட்டிவிடலாம் என்று சிலர் சொன்னபோது, அதன் நிழலில் தலைமுறைகளாகப் பிள்ளைகள் மதிய உணவு உண்டதை நினைத்து, தகடுகளைக் கிழக்குப் பாதிக்கு நகர்த்தினோம். 540 வாட் தகடுகள் பத்து அங்கே அடங்கின. எங்கள் பகுதி 8.7 பாகை வட அகலாங்கில் இருப்பதால் தெற்கு நோக்கிய சிறிய சாய்வே போதும். மழைநீர் வழிந்தோடும்படி 10 பாகை வைத்தோம். ஆனி, ஆடி மாதத்து மேல்காற்றை நினைத்து, சட்டகத்தின் கால்களை வெறும் பாரக்கற்களால் அழுத்தி வைக்காமல் கான்கிரீட்டோடு பிணைக்கச் செய்தோம்.

மின்வாரியப் பணிகளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. தகடுகளின் மொத்தத் திறன் 5.4 கிலோவாட்; எங்கள் இணைப்பின் அனுமதிக்கப்பட்ட மின்பளு 4 கிலோவாட்டாக மட்டுமே இருந்ததால் முதலில் அதை உயர்த்த வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு விண்ணப்பம், ஆய்வு, மீட்டர் என்று வரிசையாக நடந்தது. பணம் பழைய மாணவர்களிடமிருந்து பெரும்பகுதி வந்தது. பீடி சுற்றும் பெண்களின் சுயஉதவிக் குழுவும் தங்கள் பங்கைக் கொண்டுவந்து தந்தது. தங்கள் பிள்ளைகள் படிக்கும் பள்ளி என்பதோடு, அந்த டிசம்பர் இரவுகளை அவர்களும் மறக்கவில்லை.

நல்ல வெயில் நாளில் இப்போது 21 யூனிட் கிடைக்கிறது. பிசான நெல் அறுப்பு நடக்கும் மாசி, பங்குனியில் அறுவடை இயந்திரங்கள் கிளப்பும் தூசும் பதரும் கண்ணாடியில் படிந்து 17 யூனிட்டாக இறங்கிவிடும். வெயில் ஏறும்முன் காலையில் தண்ணீர் விட்டுத் துடைத்தால் மறுநாளே பழைய அளவு திரும்புகிறது. வெயிலில் சுட்ட கண்ணாடியில் குளிர்ந்த நீரை ஊற்றக் கூடாது என்பதையும், தினசரி அளவைக் குறிப்பேட்டில் எழுதுவதையும் ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் தங்கள் பொறுப்பாக எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஒரு திருத்தம் மட்டும் பிறகு செய்தோம். கைப்பேசி மின்னேற்றும் பலகையை முதலில் அலுவலக அறைக்குள் பொருத்தியிருந்தோம். கடந்த ஐப்பசி மழையில் இரவு மின்சாரம் நின்று, தெருக்காரர்கள் வந்து நின்றபோது பூட்டைத் திறக்க ஆள் இல்லை. பலகையை வெளித் திண்ணைக்கு மாற்றினோம். வெளிக்கதவின் சாவி, பள்ளிக்கு அடுத்த வீட்டில் குடியிருக்கும் சமையலர் அக்காவிடம் இருக்கிறது.