திருப்புளி யார் கையில்?

பம்ப், மோட்டார், பேரிங் என்றுதான் என் வேலைநாள் ஓடுகிறது. தொழிற்சாலையில் பராமரிப்புப் பொறியாளர் என்று சொன்னால், "ஆபீஸில்தானே?" என்று இன்னும் சிலர் கேட்கிறார்கள். இல்லை, எந்திரத்துக்குப் பக்கத்தில்தான். அதற்கு முதல் காரணம் நம் பள்ளி இயற்பியல் டீச்சர்.

செய்முறை வகுப்பில் பையன்கள் வயர் இணைப்பார்கள், பெண்கள் நாங்கள் அளவுகளை எழுதுவோம். யாரும் அப்படிச் சட்டம் போடவில்லை, அதுவாகப் பழகிவிட்டது. ஒருநாள் டீச்சர் நோட்டைப் பையன்கள் பக்கம் தள்ளிவிட்டு மின்தடையை அளக்கும் மீட்டர் பிரிட்ஜை எங்கள் முன்னால் இழுத்து வைத்தார். வயர் முனையை மணல்தாளால் தேய், திருகை இறுக்கு, அப்புறம் சாவியை, அதாவது சுவிட்சைப் போடு என்று பக்கத்திலேயே நின்று சொன்னார். கம்பிமேல் ஜாக்கி என்ற தொடுமுனையைத் தொட்டுத் தொட்டு நகர்த்த, மின்னோட்டத்தைக் காட்டும் கால்வனாமீட்டர் முள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக அடித்து, கடைசியில் நடுவில் வந்து நின்றது. அந்தச் சந்தோஷம் இன்றும் ஒரு மோட்டார் சத்தமில்லாமல் ஓடத் தொடங்கும்போது எனக்கு வருகிறது.

இந்தியாவின் முதல் பெண் பொறியாளர்களில் ஒருவரான அ. லலிதாவைப் பற்றியும் டீச்சர்தான் சொன்னார். பதினெட்டு வயதில் கைக்குழந்தையோடு கணவரை இழந்தவர், 1943இல் கிண்டி பொறியியல் கல்லூரியில் மின் பொறியியல் முடித்தவர், 1964இல் நியூயார்க்கில் நடந்த பெண் பொறியாளர், விஞ்ஞானிகளின் முதல் சர்வதேச மாநாட்டுக்குப் போனவர்.

வேலையில் சேர்ந்தபோது எனக்கு இரவு ஷிப்ட் தரவில்லை, பாதுகாப்பு என்றார்கள். எந்திரத்தைப் பிரித்துப் போட்டுப் பார்க்கும் பெரிய வேலைகள் எல்லாம் அங்கே இரவில்தான் நடக்கும், அதில் இல்லாதவருக்கு எந்திரமும் பழகாது, பதவி உயர்வும் வராது. இது பழைய கதை: தொழிற்சாலைகளில் பெண்களின் இரவு வேலையைத் தடுக்கும் சர்வதேச உடன்படிக்கை 1919இலேயே வந்துவிட்டது, ஆண் பெண் இருவருக்கும் பொதுவான இரவு வேலைப் பாதுகாப்பைப் பேசும் உடன்படிக்கை வர 1990 ஆனது. கேட்டுக் கேட்டுத்தான் எனக்கு அந்த ஷிப்ட் கிடைத்தது.

அப்புறம் கையுறை. எனக்குக் கொடுத்தது பெரிய ஆணின் கைக்கு அளவெடுத்தது, விரல் நுனியில் ஒரு அங்குலம் தொங்கும். அதைப் போட்டுக்கொண்டு சின்ன நட்டைப் பிடிக்கவே முடியாது, சுழலும் தண்டின் அருகே போனால் துணி சிக்கி கையையே இழுத்துவிடும். உயரத்தில் ஏறும்போது கட்டும் பெல்ட்டும் அப்படித்தான், தொடைப்பட்டை தளர்வாக இருந்தால் விழும்போது உடல் நழுவும். இதை "சின்ன விஷயம்" என்று சொன்னவர்கள் மேல் எனக்கு இன்றும் கோபம் உண்டு.

நம் பழைய மாணவர் சங்கத்தில் ஆலைகளில் பொறுப்பான இடத்தில் இருப்பவர்கள் பலர். உங்கள் ஸ்டோரில் சின்ன அளவுக் கையுறையும் காலணியும் பெல்ட்டும் இருக்கிறதா என்று இந்த வாரமே பாருங்கள். இல்லையென்றால், பெண்கள் வந்து சேர்ந்தபிறகு பார்க்கலாம் என்று விடாமல் இப்போதே ஆர்டர் போடுங்கள்.