மச்சானோட கட்டைவிரல்

10 பிப்ரவரி, திங்கள்
மச்சான் டெக்சாஸ்லேர்ந்து வீடியோ கால். கட்டைவிரல காட்டுறாரு, அடிமூட்டு நல்லா வீங்கி கெடக்கு. டாக்டர் கைக்கு ஓய்வு குடுன்னுட்டாராம். கேமராவ திருப்புனா மேச மேல ஒரு வாளி நெறைய சுட்ட தோட்டாவோட பித்தள கூடு, "இதயெல்லாம் யாரு மாப்ள ட்ரிம் பண்றது"ங்குறாரு. தோட்டா கடையில வாங்கிட்டு போய்யான்னா கேக்க மாட்டாரு, சுட்ட கூட்டுலயே திரும்ப மருந்தும் புல்லட்டும் ஏத்துற ரீலோடிங்தான் அவருக்கு கோயில் குளம் எல்லாம்.

11 பிப்ரவரி, செவ்வாய்
தைப்பூசம். நைட் ஷிஃப்ட் முடிச்சு நேரா இங்க சிங்கப்பூர் சிராங்கூன் ரோடு. செம கூட்டம்.

12 பிப்ரவரி, புதன்
எங்க ஷாப்ப மலேசியா பக்கம் ஜொகூருக்கு மாத்துறது பத்தி இன்னைக்கும் யாரும் வாய தொறக்கல.

13 பிப்ரவரி, வியாழன்
தூக்கம் வரல, அந்த வாளிதான் ஞாபகத்துல. விசயம் என்னன்னா சுட்ட கூட்ட திரும்ப பழைய அளவுக்கு கொண்டு வர டைல, அதாவது அச்சுல, குடுத்து அமுக்குறப்ப பித்தள கழுத்து பக்கமா நீண்டுக்கும், அவரோட தோட்டா 223 ரெமிங்டன்னா கூட்டு நீளம் 1.760 இஞ்சுக்கு மேல போகக்கூடாது, அதாவது 44.70 மில்லி, அதனால 1.750க்கு வெட்டி விடுவாங்க. நடுவுல பத்து தௌ தான், இஞ்சுல ஆயிரத்துல பத்து பங்கு. விட்டுட்டா கழுத்து சேம்பர் (துப்பாக்கில தோட்டா உக்கார்ற குழி) முனையில போய் இடிச்சு புல்லட்ட இறுக்கி புடிச்சுக்கும், பிரஷர் எகிறும், அதனால இந்த வேலைய தட்டிக் கழிக்க முடியாது. வெட்டுனப்புறம் உள் வாய் வெளி வாய் ரெண்டுலயும் பிசிறு எடுக்கணும், ஒவ்வொண்ணுக்கும் அந்த கட்டைவிரல்தான் திருகணும். அவரு வச்சிருக்க கட்டர் நடுவுல ஒரு ஊசி இருக்கு, கூட்டோட அடி ஓட்ட வழியா போய் கீழ முட்டி நின்னுடும், முட்டுனா அதுக்கு மேல ஒரு முடி வெட்டாது. அப்ப கையால சுத்துனா என்ன, டிரில்லுல சுத்துனா என்ன? ஸ்டாப் இருக்குற வேலைக்கு மோட்டார் குடுக்கலாம். லேத்துல நாங்க பண்றதும் இதானே.

15 பிப்ரவரி, சனி
நேஷனல் சர்வீஸ்ல இருக்குற சின்னவன் புக் அவுட், லீவுல வீட்டுக்கு வந்திருக்கான். தெக்கோங் தீவுல ரேஞ்ச், அதான் சுடுற பயிற்சி, முடிஞ்சுருச்சாம், தோள்ல செவப்பா ஒரு தடம், அத அவங்கம்மாகிட்ட காட்டி காட்டி ரெண்டு தட்டு பிரியாணி. சுட்ட கூடெல்லாம் எங்கடா போகுதுன்னு கேட்டேன். "நாங்கதாம்ப்பா குனிஞ்சு பொறுக்கணும், எண்ணி குடுக்கணும், தோட்டாவும் இல்ல காலி கூடும் இல்லன்னு கத்தி சொல்லிட்டுதான் வெளிய வரணும்." அவங்க ரைஃபிள் எஸ்ஏஆர் 21க்கு 5.56 மில்லி தோட்டா, மச்சானோட 223க்கு கிட்டத்தட்ட அதே கூடு. அங்க வாளி வாளியா, இங்க ஒண்ணு கொறஞ்சா ரேஞ்சே நிக்கும்.

17 பிப்ரவரி, திங்கள்
மச்சான் சின்னவனுக்கு பழைய கூட்டுல கீசெயின் பண்ணி தபால்ல அனுப்பட்டான்னு கேக்குறாரு. கத்திட்டேன். இங்க லைசென்ஸ் இல்லாம தோட்டா வச்சிருந்தா 5 லேர்ந்து 10 வருஷம், அதோட கொறைஞ்சபட்சம் 6 பிரம்படி. வெறும் கூடுதானேன்னாரு. வெறும் கூடோ என்னவோ, ஆபீசர் முன்னாடி நின்னு நான் வெளக்கம் சொல்ல தயாரா இல்ல, டீ சட்ட வாங்கி அனுப்புங்க.

20 பிப்ரவரி, வியாழன்
டிரில்ல கையில இறுக்கி புடிச்சு ட்ரிக்கர அமுக்குனா அதுவும் அதே கட்டைவிரலுக்குத்தானே வலி! இத யாரும் யோசிக்கல. பேட்டரி டிரில் வேணாம்னுட்டேன், வயர் உள்ளது, ட்ரிக்கர் லாக் இருக்கணும், படுக்க வச்சு மரத்தொட்டில்ல இறுக்கி கட்டிட்டு கரண்ட்ட கால் சுவிட்ச் வழியா குடுக்கணும். ஸ்பீட கொறச்சு வச்சிக்கணும். கூட்ட மாட்டி, கட்டர இடது கையால தள்ளுனா போதும். ஷாப்புல டீ டைம்ல தொட்டிலுக்கு படம் வரைஞ்சு அனுப்பிட்டேன், அங்க பலகைக்கா பஞ்சம்.

தூசி பத்தியும் சொன்னேன். கூட்டு அடியில மருந்த பத்த வைக்கிற பிரைமர்ல ஈயம் உண்டு, இவரு கூட்ட சோளக்கட்ட தூள்ல போட்டு டம்ப்ளர்ங்குற சுத்தம் பண்ற மெஷின்ல உருட்டுறாரு, அந்த தூள கராஜுக்குள்ளயே கொட்டி சலிக்கிறாரு. தண்ணி ஊத்தி ஸ்டெயின்லெஸ் ஊசி போட்டு உருட்டுறவங்களும் இருக்காங்க, தூசியே பறக்காது. கேட்டுக்கிட்டாரா தெரியல.

23 பிப்ரவரி, ஞாயிறு
மேல் வீட்டுல காலங்காத்தால டிரில். சத்தமான வேலைன்னா வார நாள்ல 9 லேர்ந்து 5 தான்னு எச்டிபி (அரசாங்க வீட்டு வாரியம்) ரூலு. மச்சான் வீட்டுல நடுராத்திரி மோட்டார் ஓடுனாலும் கேக்க ஆளில்ல. அதுவும் ஒரு வாழ்க்க.

25 பிப்ரவரி, செவ்வாய்
சண்ட.

தொட்டில் நல்லா ஓடுதாம், இப்ப தோட்டாவ சேத்து அமுக்குற பிரஸ்ஸுக்கே மோட்டார் மாட்டப் போறாராம். கைப்பிடி ஒரு தடவ இறங்கி ஏறுனா ஒரு எடத்துல பிரைமர் ஏறும், ஒரு எடத்துல வெடிமருந்து பவுடர் விழும், ஒரு எடத்துல புல்லட் உக்காரும், எல்லாம் ஒரே சுத்துல. வேணாம்னேன். பிரைமர் சரியா உக்காந்துச்சா இல்ல மொரண்டு பண்ணுதான்னு கைப்பிடிலதான் தெரியும், மோட்டாருக்கு அந்த ஒணத்தி கெடையாது, அதுபாட்டுக்கு நசுக்கிட்டு போகும். பவுடரு அதவிட மோசம். 223ல ரெண்டு தடவ விழுந்தா பால் மாதிரி பொங்கி வழிஞ்சு காட்டிக் குடுத்துடும், ஆனா பிஸ்டல் கூட்டுல வேகமா எரியிற பவுடரு பாதி கூட நெறையாது, ரெண்டு மடங்கு விழுந்தாலும் வெளிய தெரியாது, சுடும்போதுதான் தெரியும். ஒவ்வொரு கூட்டயும் எட்டிப் பாக்கணும். சென்சர் இருக்குங்குறாரு. சென்சர் வச்ச மெஷின்ல நான் எத்தன ஸ்க்ராப் பாத்திருக்கேன். "நீ ஒரு தோட்டாவ கூட உருட்டுனதில்ல மாப்ள, எனக்கு பாடம் எடுக்காத"ன்னு வச்சிட்டாரு.

அவ சமையக்கட்டுலேர்ந்து, "அண்ணன்கிட்ட வேற பேச்சே கெடையாதா உங்களுக்கு?"

28 பிப்ரவரி, வெள்ளி
ஜொகூருக்கு போற மெஷின் லிஸ்ட் போட்டாச்சு. சிஎன்சி, அதான் கம்ப்யூட்டர்ல ஓடுற மெஷின், முதல்ல போகுதாம். நம்ம பழைய லேத்து பேரு அதுல இல்ல. ஆளுங்க லிஸ்ட் அப்புறம்னாங்க.

2 மார்ச், ஞாயிறு
மச்சான் கூப்புடல. நானும் கூப்புடல.

5 மார்ச், புதன்
மோட்டார் பார்சல் வந்து கராஜுல கெடக்குன்னு அண்ணி இவகிட்ட சொன்னாங்களாம். விரலுக்கு ஆபரேஷன் தேதி குடுத்துட்டாங்க. ஆபரேஷனுக்கு முன்னாடி மாட்டுவாரா பின்னாடி மாட்டுவாரான்னு கேளுடின்னேன், நீங்களே கேளுங்கன்னா.

6 மார்ச், வியாழன்
கேட்டுட்டேன். ட்ரிம்மிங்குக்கு மட்டும்தான்ங்குறாரு, அதுக்கு எதுக்குய்யா அவ்வளவு பெரிய மோட்டார்? பொய். நாளைக்கு ஜொகூர் மீட்டிங், எல்லாரும் பாஸ்போர்ட் எடுத்துட்டு வரச் சொல்லிருக்காங்க.