தசமபாகம் வாங்கியவர் துப்பறிந்தால்

இங்கிலாந்துப் பதிப்பகங்களின் நூல்களுக்குச் சென்னையில் இருந்தபடியே காப்பி எடிட்டிங், அதாவது அச்சுக்குப் போகுமுன் மொழியையும் தகவலையும் சரிபார்க்கும் வேலை, செய்பவர்கள் பலர் உண்டு. நானும் அவர்களில் ஒருவன். எனக்கு அதிகம் வந்து சேர்வன சரித்திரத் துப்பறியும் நாவல்கள். அவற்றிலும் பதினெட்டாம் நூற்றாண்டின் கிராமம் ஒன்று, அங்கே ஒரு கொலை, அதைத் துப்புத் துலக்கும் ஆங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபை) குருவானவர் என்ற அமைப்பு அலுக்காமல் திரும்பத் திரும்ப வருகிறது.

குருவானவரைத் துப்பறிய விடுவது வெறும் கற்பனைச் சலுகை அன்று. இங்கிலாந்தின் கவுண்டிகள் (மாவட்டங்கள்) அனைத்திலும் காவல்படை கட்டாயமானது 1856இல்தான். பதினெட்டாம் நூற்றாண்டுக் கிராமங்களுக்கு ஊர்க்காரர்களே மாறி மாறி ஏற்றுச் செய்த கான்ஸ்டபிள் பொறுப்பும், சந்தேக மரணம் நேர்ந்தால் ஜூரியைக் கூட்டி உடலைப் பார்வையிடும் கொரோனரும்தான் இருந்தார்கள். அத்தகைய ஊரில் எழுத்தறிவு உள்ளவரும், எல்லா வீட்டு மரணப் படுக்கைக்கும் அழைக்கப்படுபவரும் குருவானவரே. ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் 1538ஆம் ஆண்டு ஆணைப்படி பதிவேட்டில் எழுதிவரும் கடமையும் அவருடையது.

என் வேலையில் பாதி இந்தப் பதிவேட்டோடுதான். ஒரு நாவலில், மே 1720இல் மணமுடித்த தம்பதியின் பிள்ளைக்குப் பிப்ரவரி 1720இல் ஞானஸ்நானம் என்ற பதிவைக் குருவானவர் கண்டெடுத்து, பிள்ளை திருமணத்துக்கு முன்பே பிறந்தது என்று முடிவுகட்டுவார். கொலைக்கான காரணமே அதில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. ஆனால் 1752இல் நாட்காட்டி மாற்றப்படும் வரை இங்கிலாந்தில் புத்தாண்டு மார்ச் 25ஆம் தேதிதான் தொடங்கியது. அன்றைய குருவானவர் பிப்ரவரி 1720 என்று எழுதியிருந்தால் அது நம் கணக்கில் 1721. மே மாதத்திலிருந்து எண்ணினால் முறையாக ஒன்பது மாதம். அந்தத் தம்பதி மீது களங்கமே இல்லை. இதை விளக்கி ஆசிரியருக்குக் குவெரி, அதாவது சந்தேகக் கேள்வி, எழுதி அனுப்பினேன். பிப்ரவரியை ஏப்ரலாக மாற்றியதோடு ஆசிரியர் சிக்கலை முடித்துவிட்டார். முந்நூறு பக்க மர்மம் ஒரு மாதத்தின் பெயரில் பிழைத்துக்கொண்டது.

கம்பளிச் சட்டமும் இப்படித்தான். உள்நாட்டுக் கம்பளி வணிகத்தைக் காப்பதற்காக, பிணத்தைக் கம்பளித் துணியில் மட்டுமே சுற்றிப் புதைக்க வேண்டும் என்றும், அதற்கான பிரமாண வாக்குமூலம் எட்டு நாட்களுக்குள் வர வேண்டும் என்றும், மீறினால் 5 பவுண்டு அபராதம் என்றும் பதினேழாம் நூற்றாண்டில் சட்டம் செய்தார்கள். யார் பிரமாணம் செய்தார் என்பதைப் பதிவேட்டில் குறித்துவைத்த ஊர்களும் உண்டு. அதாவது, உடலை யார் பார்த்தார், யார் உடுத்தினார் என்ற சாட்சியம் குருவானவரின் கைக்குத் தானாகவே வந்து சேர்கிறது. இவ்வளவு அருமையான தடயம் கிடக்க, நாவலாசிரியர்கள் ஏன் இன்னமும் கிழிந்த கடிதத்தையே பிடித்துத் தொங்குகிறார்கள் என்று எனக்கு விளங்கியதில்லை.

இவையெல்லாம் தகவல் பிழைகள், திருத்திவிடலாம். இந்த வகை நாவல்கள் பலவற்றிலும் எனக்குக் கசக்கும் விஷயம் வேறு. குருவானவரை எல்லோருக்கும் பொதுவானவராக, யாரோடும் வரவு செலவு இல்லாத நல்லவராகக் காட்டிவிடுகிறார்கள். உண்மையில் அவருடைய பிழைப்பே ஊராரின் விளைச்சலில் பத்தில் ஒரு பங்கான தசமபாகம்தான். 1836ஆம் ஆண்டுச் சட்டம் அதைப் பணமாக மாற்றும் வரை, கதிர்க்கட்டாகவும் பன்றிக்குட்டியாகவும் பாலாகவும் அதை நேரடியாக வசூலிக்க அவருக்கு உரிமை இருந்தது. போதாதற்கு, பல குருமார்கள் மாஜிஸ்திரேட் பதவியும் வகித்தார்கள்.

இதற்கு வொர்ஸ்டர்ஷரின் ஆடிங்லி கிராமத்தைவிடப் பொருத்தமான சான்று கிடையாது. 1806 ஜூன் 24 அன்று அவ்வூர்க் குருவானவர் ஜார்ஜ் பார்க்கர் தம் வயலிலேயே சுட்டும் அடித்தும் கொல்லப்பட்டார். தசமபாகத்தைத் தானியமாகவே வசூலித்ததால் விவசாயிகளோடு அவருக்குக் கடும் பகை இருந்தது. சந்தேகிக்கப்பட்ட ரிச்சர்ட் ஹெமிங் என்ற தச்சர் அன்றோடு மறைந்துபோனார். 1830இல் ஒரு பண்ணைக் களஞ்சியத்தில் எலும்புக்கூடு ஒன்று தோண்டி எடுக்கப்பட்டது. உடன் கிடந்த தச்சரின் அளவுகோலும் காலணியும் அது ஹெமிங் என்று காட்டிக்கொடுத்தன. கொலைக்கு ஆள் ஏவியதாகக் கருதப்பட்டவர்கள் மீது வழக்கு வந்தபோது, முதன்மைக் குற்றவாளி தண்டிக்கப்படாமலே இறந்துவிட்டதால் அதற்கு உடந்தையானவர்களை விசாரிக்க அன்றைய சட்டத்தில் இடமில்லாமல் போயிற்று. அவர்கள் விடுதலையாயினர். கற்பனைக் குருவானவர் தேநீர்க் கோப்பையோடு பண்ணை வீட்டில் நுழைந்ததும் எல்லாரும் மனம் திறந்து பேசும் காட்சியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஆடிங்லி நினைவுக்கு வரும்.

ஆகவே, இத்தகைய கையெழுத்துப் பிரதி வந்தால் இவருக்கு வருமானம் எங்கிருந்து வருகிறது என்பதே என் முதல் குவெரி. தம் குருவானவருக்கு அத்தை விட்டுச்சென்ற சொத்து இருப்பதாக ஓர் ஆசிரியர் சற்று எரிச்சலோடு பதில் எழுதினார். அப்படியானால் தசமபாகத்தை அவர் விட்டுக்கொடுத்தாரா, ஊரார் அதை நம்பினார்களா என்று மறுபடியும் கேட்டேன். அடுத்த வடிவத்தில் அத்தையைக் காணோம். அறுவடை வயலில் பத்தாவது கதிர்க்கட்டை எண்ணி ஒதுக்க வந்து நிற்கும் குருவானவர், அதே விவசாயியிடம் கொலை நடந்த இரவைப் பற்றி விசாரிக்கிறார். விவசாயியோ கட்டுகளின் எண்ணிக்கையிலும் பொய் சொல்கிறார், இரவைப் பற்றியும் பொய் சொல்கிறார், எது எதற்கான பொய் என்று பிரிக்க முடியாமல் குருவானவர் திணறுகிறார். அந்த அத்தியாயத்தில் நான் கைவைத்தது இரண்டு காற்புள்ளிகளில் மட்டும்தான்.