பாட்டி பேரில் ஒரு சிம்

"இந்தப் போட்டோ எங்க தம்பி போகும்?" என்று அந்த அக்கா கேட்டார். "கம்பெனிக்குக்கா" என்றேன்.

அதில் பொய் கிடையாது. இங்கே மியான்மாரில் சிம் பதியும்போது அடையாள அட்டையின் முன்பக்கம், பின்பக்கம், ஆளின் முகம் எல்லாவற்றையும் எடுத்து அனுப்புகிறோம். கம்பெனிக்குத்தான் போகிறது. அதற்கப்புறம் யார் கைக்குப் போகிறது என்பதைக் கவுண்டரில் நிற்கிறவனுக்கு யாரும் சொல்வதில்லை. ஆனால் அக்கா கேட்டது கம்பெனியைப் பற்றி இல்லை. அது எனக்கும் தெரியும், எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும்.

அக்காவின் பையனுக்குப் பதினெட்டு முடிய இன்னும் கொஞ்ச நாள்தான். 2024 பிப்ரவரி 10-இல் கட்டாய ராணுவச் சட்டத்தை அமலுக்குக் கொண்டுவந்த பிறகு, 18-லிருந்து 35-க்குள் ஆண்பிள்ளை இருக்கும் வீடுகளில் வயதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. பத்து வயதில் எடுத்த என்.ஆர்.சி.யை, அதாவது அந்த அடையாள அட்டையை, பதினெட்டில் மாற்றியாக வேண்டும். மாற்றப் போனால் ஆபீசில் முகத்தைக் காட்ட வேண்டும். மாற்றாமல் விட்டால் சிம் வாங்குவது, ஆப்பில் பணம் வாங்குவது, செக்போஸ்ட் தாண்டுவது எல்லாமே இழுபறிதான். மலேசியாவிலிருந்து மூத்தவன் அனுப்புகிற காசு ஏதாவது ஒரு நம்பருக்கு வந்தாக வேண்டுமே.

"மாமியார் பேர்ல போட்ருங்க தம்பி. வெளிய சைக்காவுல உக்காந்திருக்காங்க." சைக்கா என்றால் இங்கே சைக்கிள் ரிக்‌ஷா.

அட்டைக்குரியவர் நேரில் வர வேண்டும் என்பது விதி. அவர் வந்திருந்தார். போனில் யார் பேசப்போகிறார்கள் என்று கேட்கச் சொல்லி எங்கும் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை.

ஆயாவின் ரோஸ் அட்டை ஓரமெல்லாம் உரிந்திருந்தது. இனம், மதம் என்ற வரியில் தமிழ், இந்து என்று பர்மிய எழுத்தில் இருந்தது. கண்ணாடியைக் கழற்றச் சொன்னேன். நெற்றித் திருநீற்றில் ட்யூப்லைட் பட்டுப் படம் வெளுத்துக்கொண்டே இருந்தது. "அழிச்சிரட்டுமாய்யா?" என்றார். "வேணாம் ஆயா, லேசா திரும்புங்க போதும்" என்றேன். பட்டனை அமுக்கியது என் விரல்தான்.

இதில் என்ன பெரிய விஷயம் என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன். 2014-இல் வெளிநாட்டுக் கம்பெனிகள் வந்து 1,500 கியாட்டுக்கு சிம் விற்றபோது வெற்றிலைக் கடையில்கூடக் கிடைத்தது. யார் பேர், எவர் பேர் என்று யாரும் கேட்கவில்லை. அந்தப் பழக்கத்தில் இன்றைக்கும் எத்தனையோ பேர் முகம் தெரியாதவர் பேரில்தான் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

ஆனால் அன்று இல்லாதது இன்று இருக்கிறது. 2025 ஜனவரி 1-இல் வந்த சைபர் சட்டப்படி, ஒரு லட்சம் பேருக்கு மேல் பயன்படுத்தும் தளங்கள் பயனாளர் விவரத்தை மூன்று வருஷம் வரை வைத்திருக்க வேண்டும். பிள்ளை ராத்திரி ஏதோ ஒரு பதிவுக்கு லைக் போட்டு, அந்த நம்பரைத் தேடிக்கொண்டு வந்தால், தட்டப்படுவது ஆயாவின் பேர். நான் அந்தப் பையனைக் காப்பாற்றினேனா, இல்லை கிழவியை முன்னால் நிறுத்தினேனா?

ஆஸ்திரேலியாவில் 16 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் சமூக ஊடகத்தில் கணக்கு வைக்கக் கூடாது என்று 2025 டிசம்பர் 10 முதல் சட்டம். பிள்ளைகளின் நல்லதுக்காக வயதைப் பார்க்கிறார்களாம். அங்கேயும் அந்தரங்கம் போச்சு என்று சண்டை நடக்கிறது. படித்தபோது எனக்குப் பொறாமையாக இருந்தது. வயதைக் கொடுத்தால் கணக்குதான் போகும், பிள்ளை போக மாட்டான்.

அக்காவிடம் விவரமாகச் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தாலும் அவருக்கு சிம் வேண்டும், வாங்கித்தான் இருப்பார். அதோடு அந்த நேரம் கடையில் வேறு ஆட்களும் நின்றார்கள், யார் எப்படி என்று தெரியாது. அவருக்காகத்தான் வாயை மூடிக்கொண்டேன் என்று சில நாள் தோன்றும். எனக்காக என்று சில நாள்.

போன வாரம் அதே அக்கா இன்னொரு அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தார். அந்த அம்மாவின் மகனுக்கு இருபது வயது. கையில் தாத்தாவின் அட்டை மட்டும் இருந்தது, தாத்தா படுத்த படுக்கை. ஆள் நேரில் வராமல் முடியாது என்றேன். "அன்னிக்கு போட்டுக் குடுத்தீங்களே தம்பி" என்றார் அக்கா. அன்றைக்கு ஆயா வந்திருந்தார், இன்றைக்குத் தாத்தா வரவில்லை, விதி அதுதான் என்று விளக்கினேன். இத்தனை வருஷ வேலையில் அந்த விதி எனக்கு இவ்வளவு வசதியாக இருந்ததில்லை.