ஆபீஸுக்கு எதைப் போடலாம், எதைக் கழற்றி வைக்கலாம்

ஆபீஸுக்கு என்ன தோடு, என்ன பெல்ட் என்று இணையத்தில் தேடினால் கிடைக்கும் அறிவுரையில் பாதி குளிர்நாட்டுக்காரர்களுக்கு எழுதியது. கோட் பையில் கர்சீஃபை எப்படி மடிப்பது, கழுத்தில் ஸ்கார்ஃபை எப்படிச் சுற்றுவது என்றே போகும். மின்சார ரயிலில் இறங்கி, வெயிலில் பத்து நிமிடம் நடந்து, ஐடி கார்டை மாட்டிக்கொண்டு ஏசிக்குள் நுழைகிற சென்னைக்காரருக்கு அதில் ஒன்றும் இல்லை. வியர்வை தாங்குமா, சத்தம் போடுமா, எதிலாவது மாட்டிக்கொள்ளுமா என்று முதலில் பாருங்கள். நிறப்பொருத்தம் எல்லாம் அதற்கப்புறம்.

தினமும் நாலைந்து மணி நேரம் ஹெட்செட் மாட்டுகிற வேலை என்றால், தோட்டின் முன்பக்கத்தைவிடப் பின்பக்கம்தான் முக்கியம். கடையில் எல்லோரும் கல்லைப் பார்ப்பார்கள். திருகாணியைத் திருப்பிப் பார்ப்பவர் குறைவு. திருகு முழுக்க ஏறிய பிறகும் தண்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், ஹெட்செட்டின் குஷன் அழுத்தும்போது அந்த முனை காதுக்குப் பின்னால் இருக்கிற எலும்பில் போய்க் குத்தும். மதியத்துக்குள் அந்த இடம் சிவந்துவிடும். தண்டைக் கொஞ்சம் வெட்டி முனையை ராவித் தரச் சொன்னால் ஆசாரி உடனே செய்து தருவார். ஹெட்செட் வேலைக்குத் தட்டையான பின்பக்கம் உள்ள தோடே நல்லது. ஜிமிக்கி ஆபீஸுக்கு ஆகாது என்று சொல்ல மாட்டேன். மைக் வாயருகே வளைந்து வருகிற ஹெட்செட்டோடு மட்டும் சேராது. தலை திரும்பும்போதெல்லாம் கீழே தொங்குகிற முத்து மைக்கின் தண்டில் தட்டும், எதிர்முனையில் இருப்பவருக்கு ‘டிக் டிக்’ என்று கேட்கும். சட்டையில் குத்துகிற காலர் மைக் என்றால் சங்கிலி உரசினாலே கரகரக்கும்.

கவரிங் நகை விஷயத்தில் இரண்டு வேறு வேறு கோளாறுகளை எல்லோரும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். ஒன்று, கறுத்துப்போவது. சிதம்பரம் கவரிங் ஆனாலும் சரி, வேறு எதுவானாலும் சரி, மேலே இருப்பது மெல்லிய தங்கப் பூச்சு, அடியில் செம்போ பித்தளையோ. பூச்சு தேய்ந்த இடத்தில் வியர்வையின் உப்பு அடி உலோகத்தைத் தொடும், அங்கேதான் கறுப்போ பச்சையோ பிடிக்கும். சென்ட்டும் கையில் தடவுகிற சானிடைசரும் இதைச் சீக்கிரப்படுத்தும். அதனால் சென்ட், க்ரீம் எல்லாம் முடித்து, அவை காய்ந்தபின் கடைசியாக நகை. கழற்றியதும் பருத்தித் துணியால் துடைத்து, காற்று புகாத ஜிப் கவரில் போட வேண்டும். பாத்ரூம் அலமாரியில் வைத்தால் ஈரத்திலேயே பாதி ஆயுள் போய்விடும்.

மற்றது அரிப்பு. ஒரு நாள், இரண்டு நாள் கழித்துக் காது மடல் அரித்து நீர் கோத்தால் பெரும்பாலும் அதற்குக் காரணம் நிக்கல். கறுத்தது துடைத்தால் போகும். நிக்கல் ஒவ்வாமை ஒரு தடவை வந்துவிட்டால் அநேகமாக ஆயுளுக்கும் கூடவே இருக்கும். ‘அலர்ஜி வராது’ என்று அட்டையில் எழுதியிருப்பதை நம்பாமல், என்ன உலோகம் என்று கேளுங்கள். டைட்டானியம் பத்திரம். சர்ஜிகல் ஸ்டீல் என்று விற்கிற 316எல் ரகத்தில் நிக்கல் உண்டு, ஆனால் வெளியே விடுவது மிகக் குறைவு என்பதால் பெரும்பாலோருக்கு ஒத்துக்கொள்ளும். வெள்ளைத் தங்கம் வாங்குகிறவர்கள் கொஞ்சம் கவனம்: வெள்ளை நிறத்துக்காகச் சிலவற்றில் நிக்கல்தான் கலந்திருக்கும். தண்டில் நிறமில்லாத நெயில் பாலிஷ் பூசுவது சில நாளைக்குத் தாங்கும், பிறகு உரிந்துவிடும்.

தங்கமே போடுவதென்றால், தினசரிக்கு 22 கேரட்டைவிட 18 கேரட் உழைக்கும். 916, அதாவது 22 கேரட், மென்மையானது, கல் பிடிக்கிற கொக்கிகள் அதில் சீக்கிரம் வளையும். 750 என்கிற 18 கேரட்டில் வேறு உலோகம் கூடுதலாகச் சேர்வதால் உறுதி அதிகம். 2023 ஏப்ரல் 1 முதல் கடைக்காரர் ஹால்மார்க் நகையை ஒவ்வொரு நகைக்கும் தனித்தனியாகத் தருகிற 6 இலக்க எச்யூஐடி எண் இல்லாமல் விற்கக் கூடாது. அந்த எண்ணை இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பிஐஎஸ் கேர் செயலியில் போட்டுப் பார்க்கலாம். ஆனால் 2 கிராமுக்குக் குறைவான நகைக்கு விதிவிலக்கு உண்டு. ஆபீஸுக்கு வாங்குகிற பொட்டுத் தோடும் மூக்குத்தியும் அநேகமாக அந்தக் கணக்கில்தான் வரும். அங்கே பில்லில் கேரட்டை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

வளையலில் தொந்தரவு இரண்டு: கீபோர்டில் தட்டும், லேப்டாப்பின் கை வைக்கிற இடத்தில் கீறும். கண்ணாடி வளையல் அரை டஜன் போட்டுக்கொண்டு அமைதியான ஹாலில் டைப் செய்தால் பக்கத்து சீட்காரர் சொல்லாமலே தெரிந்துவிடும். ஒரே ஒரு மெல்லிய காப்பு போதும், அதுவும் சரியான அளவில். வளையல் அளவு 2.4, 2.6 என்று சொல்வது தசமக் கணக்கு இல்லை. 2.4 என்றால் 2 அங்குலமும் 16-ல் 4 பங்கும்; அதாவது உள் விட்டம் இரண்டேகால் அங்குலம், சுமார் 57 மி.மீ. 2.6 என்றால் 60, 2.8 என்றால் 63.5 மி.மீ. பழைய வளையலின் உள் விட்டத்தை ஸ்கேலில் அளந்து, கை நுழைகிற அளவுகளில் சிறியதை எடுத்தால் அது மணிக்கட்டுக்கு மேலே நிற்கும், உள்ளங்கைக்கு வழுக்கி வராது. கொலுசில் முத்து இல்லாததைக் கேட்டு வாங்கினால் சத்தப் பிரச்சினை முடிந்தது.

ஐடி கார்டு கயிறும் தாலிச் சங்கிலியும் சிக்கிக்கொள்வது நம்மூர் ஆபீஸுக்கே உரிய தலைவலி. சங்கிலி உள்ளே, கயிறு காலருக்கு வெளியே என்று பிரித்துவிட்டாலே பாதி தீரும். இல்லையென்றால் இழுத்தால் நீள்கிற யோயோ கிளிப்பை இடுப்பில் மாட்டலாம். கழுத்துக் கயிறுதான் வேண்டுமென்றால் பிடரிப் பக்கம் பிளாஸ்டிக் பூட்டு இருக்கிறதா பாருங்கள். கதவிலோ மெஷினிலோ இழுபட்டால் அது தானாகக் கழன்றுவிடும்.

துப்பட்டாவுக்கும் முந்தானைக்கும் குத்துகிற ஊக்கு துணியைக் கிழிப்பது ஊசி முனையால் அல்ல, அந்தப் பக்கம் இருக்கிற சுருளால். துணி நகர்ந்து சுருளுக்குள் போய் மாட்டிக்கொள்ளும். இழுத்தால் நூல் பிரிந்துவிடும். ஊக்கில் முதலில் ஒரு சின்ன மணியைக் கோத்து, அதைச் சுருள்வரை தள்ளிவிட்டு, அப்புறம் துணியில் குத்துங்கள். மணி துணியைச் சுருள் பக்கம் விடாது. குத்தும் இடம் தோள் தையல்மேல் இருக்கட்டும், அங்கேதான் துணி பல மடிப்பு.

பெல்ட்டுக்கு வருவோம். பேன்ட் இடுப்பு 34 என்றால் பெல்ட் 36 கேளுங்கள். வீட்டில் இருக்கிற பெல்ட்டை அளப்பதானால் பக்கிளின் முன்விளிம்பிலிருந்து அளக்கக் கூடாது. தோல் பக்கிளில் மடிகிற இடத்திலிருந்து, நீங்கள் மாட்டுகிற ஓட்டைவரை அளக்க வேண்டும். ஐந்து ஓட்டையில் நடு ஓட்டையில் நிற்பதே சரியான அளவு. அகலம் 3 முதல் 3.5 செ.மீ, 4 செ.மீ ஜீன்ஸுக்கு. வாங்கும்போது வெட்டு விளிம்பை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே நார் நாராகத் தெரிந்தால் தோல். துணி மேல் பிளாஸ்டிக் படலம் என்றால் ரெக்சின். அது நம்மூர் ஈரக்காற்றில் செதில் செதிலாக உரியும். ஆம்பூர், ராணிப்பேட்டையில் தோல் பதனிடுகிற மாநிலத்தில் இருந்துகொண்டு உரிகிற பெல்ட்டை வருஷாவருஷம் வாங்குவது எனக்குப் புரிவதில்லை. ஷூவும் பெல்ட்டும் ஒரே குடும்ப நிறத்தில் இருந்தால் போதும், அச்சு அசலாகப் பொருந்த வேண்டியதில்லை.

வாட்ச்சின் தோல் ஸ்ட்ராப் வியர்வையில் ஊறி நாறும். ஸ்டீல் செயின் எடுத்து, ஒரு விரல் நுனி உள்ளே போகிற அளவுக்குக் கண்ணிகளைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஸ்ட்ராப் மாற்றுவதானால் வாட்ச்சில் ஸ்ட்ராப் மாட்டுகிற இரண்டு காதுகளுக்கும் இடையிலுள்ள இடைவெளியை அளந்துகொண்டு போங்கள். 18, 20, 22 மி.மீ என்றுதான் கடையில் இருக்கும். பின்பக்கத்தில் ‘30 மீட்டர்’ என்று போட்டிருப்பது ஆழக் கணக்கு இல்லை, கை கழுவும்போது தெறிக்கிற தண்ணீர் வரைக்கும்தான். டை கட்டுகிறவர்களுக்கு ஒரு வரி: நுனி பெல்ட் பக்கிளைத் தொட வேண்டும், கிளிப் சட்டையின் மூன்றாவது, நான்காவது பட்டனுக்கு நடுவே.

இதெல்லாம் நாற்காலி வேலைக்கு. நோயாளியைத் தொடுகிற இடத்தில் முழங்கைக்குக் கீழே ஒன்றும் இல்லாமல் இருப்பதே நல்லது. மோதிரத்துக்கு அடியில் சோப்பு போகாது. உணவு தயாரிக்கிற இடத்தில் நகை, வாட்ச், ஊக்கு எதுவும் கூடாது, கழன்று சாப்பாட்டில் விழும் என்பதால். லேத், டிரில்லிங் மெஷின் பக்கம் மோதிரம் போட்டுக்கொண்டு போகவே கூடாது. சுழல்கிற பாகத்தில் மோதிரம் மாட்டினால் விரலின் தோலையே உரித்துக்கொண்டு போகும். கழல மாட்டேன் என்கிற மோதிரத்தைப் பலவந்தமாக இழுக்காதீர்கள். கையைத் தலைக்கு மேல் தூக்கிச் சில நிமிடம் வைத்திருந்து வீக்கம் வடிய விட்டு, சோப்பு போட்டு, திருகித் திருகி எடுக்க வேண்டும். அதற்கும் மசியவில்லை என்றால் வெட்டிவிடச் சொல்லுங்கள்; ஆசாரி மறுபடி பற்றவைத்துத் தருவார், இந்தத் தடவை ஒரு சுற்று பெரிதாக.